16 வருட அனுபவம் 40 நிமிடத்தில் தீர்ந்துபோனது

முதல் வகுப்பு 2 மணி நேரம். கையில் இருந்த சரக்கு 40 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

மனிதவளத் துறையில் 16 வருடம் ஓட்டியவள் நான். ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, சம்பளப் பேச்சு, இரண்டு நிறுவனங்கள் இணையும்போது நடக்கிற கூத்து என்று பெரும்பாலும் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒரு பல்கலைக்கழகத்தில் வணிக உளவியல் மாணவர்களுக்கு வாரம் ஒரு மாலை வகுப்பு எடுக்க வர முடியுமா என்று கேட்டார்கள். ஆள் தேர்வும் பணி ஊக்கமும்தான் பாடம். இதற்கென்று தனியாக என்ன தயாரிப்பது, நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே, வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வந்தது. கதை கதையாக வந்தது. அதில் என் செல்லக் கதை ஒன்று உண்டு. விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது, வந்த ஐந்து பேரில் தகுதிப் பட்டியலில் கடைசியாக இருந்தவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் அறைக்குள் வந்த விதம், உட்காருவதற்கு முன் என் மேசையிலிருந்து சரியப்போன ஃபைலை நகர்த்தி வைத்த விதம், இவற்றைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டேன். மூன்று வருடத்தில் அவர் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். அலுவலகத்தில் எத்தனையோ முறை சொல்லிப் பாராட்டு வாங்கிய கதை. வகுப்பிலும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார்.

"மேடம், நீங்க வேண்டாம்னு அனுப்பின மத்த நாலு பேர் இப்ப எங்க இருக்காங்க?"

தெரியாது என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அந்த நான்கு பேரில் ஒருவர் வேறெங்காவது இவரைவிடப் பெரிய ஆளாகியிருக்கலாம். நான்கு பேருமே ஆகியிருக்கலாம். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. நேர்காணல் செய்கிற பெரும்பாலானவர்களிடமும் இருக்காது. சேர்த்துக்கொண்டவர் நன்றாக வந்தால் நம் கண்ணைப் பாராட்டிக்கொள்கிறோம், வராவிட்டால் ஆள் மாறிவிட்டார் என்கிறோம், திருப்பி அனுப்பியவரை மறந்துவிடுகிறோம். ஆயிரம் பேருக்கு மேல் நேர்காணல் செய்திருப்பேன். அதில் நான் கற்றுக்கொண்டது எவ்வளவு, வெறுமனே பழகிப்போனது எவ்வளவு? அன்றிரவு இதை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

அடுத்த வகுப்புக்கு முன் படிக்க உட்கார்ந்தேன். 1998ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை ஒருவரின் பின்னாளைய வேலைத்திறனை எந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்கிறது என்று கணக்கிட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் அச்சு அசல் பொருத்தம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல் என்று நடத்தும் நேர்காணலுக்கு 0.51. பேச்சு போகிற போக்கில் போய் முடிவெடுக்கும் நேர்காணலுக்கு 0.38. வேலையில் கழித்த வருடங்களின் எண்ணிக்கைக்கு 0.18. கடைசி எண்ணைப் பார்த்ததும் என்னுடைய 16 வருடம் கொஞ்சம் சுருங்கிப்போனது. 2022ல் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்கை மறுபடி போட்டு, பழைய எண்கள் பல உயர்த்திக் காட்டப்பட்டவை என்றார்கள். அவர்களுடைய பட்டியலிலும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் நேர்காணல்தான் 0.42 என்று முதலிடத்தில் நிற்கிறது.

இரண்டாவது வகுப்பில் அதே கதையை இந்த எண்களோடு சேர்த்து மறுபடி சொன்னேன். அந்தப் பெண்ணின் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, என் கதையில் எது ஆதாரம், எது தற்செயல் என்று பிரிக்கச் சொன்னேன். அன்றைக்கு 2 மணி நேரம் போதவில்லை.

அப்புறம்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தொழிலிலிருந்து வகுப்புக்குப் போகிறவரிடம் மாணவர்களுக்கு வேண்டியது, முடிவெடுப்பதற்கு முந்தைய நாள் மேசையில் கிடந்த குழப்பம். நான் கொண்டுபோனதோ, அதையெல்லாம் துடைத்துவிட்டு மெருகேற்றிய கதை.

இப்போது ஒவ்வொரு சம்பவத்தையும் மூன்று தாளாகப் பிரித்து எழுதுகிறேன். முதல் தாளில், அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மட்டும் இருக்கும். மேலதிகாரியின் அரைகுறை மெயில், ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு பேர் சொன்னது, நாளை காலைக்குள் பதில் வேண்டும் என்ற நெருக்கடி, எல்லாம் அப்படியே. படித்துவிட்டு ஒவ்வொருவரும் தன் முடிவைத் தனியாக எழுதவேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். முதலிலேயே பேசவிட்டால் சத்தமாகப் பேசுகிற இரண்டு பேரின் கருத்து மொத்த வகுப்பின் கருத்தாகிவிடும். இரண்டாவது தாளில் நான் என்ன செய்தேன், என்ன நடந்தது. மூன்றாவதில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன.

இந்த இரண்டாவது தாளிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கதை நல்லபடி முடிந்தது என்று தெரிந்தவுடன் எடுத்த முடிவும் சரி என்று வகுப்பு தாவிவிடும். 1988ல் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி இருவரும் ஒரே மாதிரியான மருத்துவ முடிவுகளை, பலன் நல்லதாக அமைந்ததாகவும் கெட்டதாக அமைந்ததாகவும் சொல்லி மதிப்பிடச் சொன்னார்கள். பலன் நல்லதென்றால் முடிவெடுத்தவருக்கும் நல்ல பெயர், கெட்டதென்றால் கெட்ட பெயர். முடிவெடுத்த நேரத்தில் அவர் கையில் இருந்த தகவல் மாறவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு, சில வாரம் இரண்டாவது தாளைக் கொடுக்காமலே விட்டுவிடுவேன். என்ன ஆச்சு மேடம் என்று வாசல்வரை துரத்திக்கொண்டு வருவார்கள். வரட்டும்.

அதிகம் பயன்பட்ட சம்பவம் ஒரு கால் சென்டர் பற்றியது. ஒரு மேலாளர், ஊழியர்கள் முடித்துவைக்கும் அழைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை தருகிறார். முதல் மாதம் எண்ணிக்கை எகிறுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது மாதம் பார்த்தால், அதே வாடிக்கையாளர்கள் அதே குறைக்காக இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். கஷ்டமான கேள்வி வந்தால் லைன் கட். ஒரு குறைக்கு மூன்று அழைப்பு, மூன்றுக்கும் ஊக்கத்தொகை. பொறுமையாகப் பேசித் தீர்த்துவைத்த பழைய ஊழியர்தான் பட்டியலில் கடைசி. அவர் வேலையை விட்டும் போய்விட்டார். வேண்டுவது ஒன்றாக இருக்க வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் இந்த அசட்டுத்தனத்தைப் பற்றி ஸ்டீவன் கெர் 1975லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த மேலாளர் அதைப் படித்திருக்கவில்லை. படித்திருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மேலாளர் நான்தான். வகுப்பில் இதைச் சொல்வதில்லை.

இப்படிப் பாடம் ஓரளவு சரியாகிக்கொண்டு வந்தபோதும் பாடம் நடத்துவது சரியாகவில்லை. துறையில் நிரந்தரமாக வேலை செய்யும் பேராசிரியர் ஒருவர் ஒருநாள் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டுக்கொண்டேன், உள்ளூர பயத்தோடு. முடிந்ததும் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால், "கேள்வி கேட்டுட்டு நீங்க ஒரு நிமிஷம்கூட வேண்டாம், ஒரு மூச்சு விடுற நேரம்கூடக் காத்திருக்கலைங்க" என்றார். கேள்வியை நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கூட்டங்களில் வந்த பழக்கம். அங்கே மௌனம் என்றால் யாரோ தயாராகாமல் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கவனித்ததில், ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்களாம். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும். நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். நான் இப்போது கேள்வி கேட்டுவிட்டு பாட்டிலைத் திறந்து நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன்.

இன்னொரு குறை எனக்குத் தெரியவே தெரியாமல் இருந்தது. அப்ரைசல், அட்ரிஷன், ஹெட்கவுன்ட் என்று போகிற போக்கில் பேசிக்கொண்டிருந்தேன். மாலை வகுப்பில் பாதிப் பேர் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் தலையாட்டினார்கள். மீதிப் பேர் அலுவலகம் என்ற ஒன்றுக்குள் போனதே இல்லை. அவர்களும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். எலிசபெத் நியூட்டன் 1990ல் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை ஒன்று உண்டு. எல்லோரும் அறிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்டவேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மனதுக்குள் இசை முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். இதை வகுப்பில் செய்துகாட்டப் போய், நானே தட்டி, ஒருவரும் கண்டுபிடிக்காமல் அசடு வழிந்தேன். அன்றிலிருந்து வேலைக்குப் போகாத மாணவர் ஒருவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, புரியாத சொல் வந்தால் மேசையைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் 11 தட்டு.

அடுத்தது கொஞ்சம் வலிக்கிற இடம். ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்துவதற்கு முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வாங்கியவள் நான். மனிதர்களைச் சில வகைகளாகப் பிரித்து, நீங்கள் இந்த வகை என்று நான்கு பக்க அறிக்கை தருகிற ரகம். வருடக்கணக்கில் நடத்தினேன். அறிக்கையைப் படித்தவர்கள், அப்படியே என்னை எழுதியிருக்கிறது என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம்தான் எனக்கு ஆதாரம். பாடத்திட்டத்தில் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் வந்தார். 1948ல் அவர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை தருவதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26. நானும் என் வகுப்பில் அதே மாதிரி செய்தேன். நான்கும் ஐந்துமாகத்தான் போட்டார்கள். பக்கத்திலிருப்பவர் தாளோடு மாற்றிக்கொள்ளச் சொன்னதும் எழுந்த கூச்சல் அடங்கச் சில நிமிடம் ஆனது. நான் மட்டும் சிரிக்க முடியாமல் நின்றேன். என் நான்கு பக்க அறிக்கைகளை ஒருமுறையாவது மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேனா?

மனிதத் தேவைகளை அடிப்படையானதிலிருந்து மேல்நோக்கி அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடும் இதே கதிதான். பயிற்சி வகுப்புகளில் அந்த முக்கோண ஸ்லைடைப் போடாமல் நான் ஊக்கம் பற்றிப் பேசியதே கிடையாது. 1943ல் வந்த மாஸ்லோவின் மூலக் கட்டுரையை ஒருநாள் எடுத்துப் படித்தால், முக்கோணமே இல்லை. பின்னாளில் ஆலோசகர் ஒருவர், சார்ல்ஸ் மெக்டெர்மிட், 1960ல் வணிகப் பத்திரிகையில் அதைப் பிரமிடாகப் போட்டார் என்று 2019ல் வந்த ஓர் ஆய்வு தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. தொழிலில் இருக்கிறவர்களின் கோட்பாட்டு அறிவு பெரும்பாலும் இன்னொருவர் ஸ்லைடிலிருந்து வந்தது. வகுப்புக்குப் போவதாக இருந்தால் நீங்கள் வாடிக்கையாகச் சொல்லும் பத்து விஷயங்களுக்கு மூலத்தைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். மூன்று நான்கு உதிர்ந்துவிடும்.

மதிப்பெண் போடுவதைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. முதல் பருவத்தில் 43 கட்டுரைகள், மூன்று இரவு. முதல் பத்துக்குக் கறாராகப் போட்டேன். கடைசிப் பத்துக்குத் தூக்கக் கலக்கத்தில் தாராளமாகப் போட்டேன். சந்தேகம் வந்து முதல் பத்தை மறுபடி திருத்தினால், ஒன்றிரண்டு தாள்களில் 20க்கு 4 மதிப்பெண் வித்தியாசம். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல் மனசுக்குப் பட்டபடி போடக்கூடாது என்று அதே பருவத்தில் வகுப்பெடுத்த மேடம் செய்த காரியம் இது. நன்றாகப் பேசுகிற மாணவரின் தாளைப் பிரிக்கும்போதே கை மேலே போகும். எட்வர்ட் தார்ன்டைக் 1920ல் இராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டதும் இதைத்தான். ஒரு குணத்தில் உயர்வாக மதிப்பிடப்பட்டவர் சம்பந்தமில்லாத மற்ற குணங்களிலும் உயர்ந்துவிடுகிறார். இப்போது பெயரை மறைத்துவிட்டு, எல்லோருடைய முதல் கேள்வியையும் திருத்தி முடித்த பிறகே இரண்டாவது கேள்விக்குப் போகிறேன். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற தாளை அசைன்மென்டோடு சேர்த்தே மாணவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். மதிப்பெண்ணுக்காக நடக்கிற சண்டை பாதியாகக் குறைந்தது.

பகுதிநேரமாகப் போக நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் நேரம், பணம் பற்றி. வகுப்பு மணிக்குத்தான் பணம், தயாரிப்புக்குக் கிடையாது. முதல் வருடம் ஒரு 2 மணி நேர வகுப்புக்கு எனக்கு 8 மணி நேரம் ஆனது. மூன்றாவது வருடம் 3 மணி நேரம். ஒரு பாடத்தை ஒரு வருடம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் நஷ்டம்தான். குறைந்தது மூன்று வருடம் அதே பாடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். திருத்துவதற்கும் வினாத்தாள் தயாரிப்பதற்கும் உண்டா, பரீட்சை மேற்பார்வை உங்கள் தலையில் விழுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் கேட்கவில்லை, விழுந்தது.

வேலை செய்யும் நிறுவனத்திடம் அனுமதி வாங்கும்போது, பாடம் எடுக்கலாமா என்று மட்டும் கேட்காமல், அலுவலகச் சம்பவங்களை எந்த அளவுக்கு மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதையும் கேளுங்கள். பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டதாக ஆகாது. ஒருமுறை பெயரையும் ஊரையும் மாற்றி நான் எழுதிய ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டு, மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் மெல்ல வந்து, "மேடம், இது எங்க அக்காவோட டீம்ங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தாளை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது துறையை மாற்றுகிறேன், காலத்தை மாற்றுகிறேன், இரண்டு மூன்று சம்பவங்களைக் கலந்து ஒன்றாக்குகிறேன். முடிவுக்குக் காரணமான நெருக்கடியை மட்டும்தான் விட்டுவைக்கிறேன்.

மாணவர்கள் வேலை கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் நான் மதிப்பெண் போடுகிற ஒருவருக்கு நான் வேலை செய்யும் இடத்தில் நேர்காணல் வைக்க முடியாது. தேர்வு முடிவுகள் வெளிவரும்வரை அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு விண்ணப்பித்தால் அந்த நேர்காணல் குழுவில் நான் இருப்பதில்லை.

அலுவலகத்திலும் சிலது மாறியது. நேர்காணலுக்கு ஒரு படிவம் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் அதே ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் உடனே மதிப்பெண், மொத்த அபிப்பிராயம் கடைசியில்தான். மேலாளர்கள் கொதித்தார்கள். எங்களை மெஷின் ஆக்கிவிட்டீர்கள் என்றார் ஒருவர். இதே புகாரை 1950களிலேயே உளவியலாளர் டேனியல் கானமன் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல். இஸ்ரேல் இராணுவத்தில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர், ஆறு குணங்களைத் தனித்தனியாக மதிப்பிடும் நேர்காணலைக் கொண்டுவந்தபோது நேர்காணல் செய்தவர்கள் தங்களை ரோபோ ஆக்குவதாக முறையிட்டார்களாம். சரி, ஆறுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு, கடைசியில் கண்ணை மூடி உங்கள் மனசுக்குப் பட்டதையும் ஒரு எண்ணாகப் போடுங்கள் என்றார். அந்தக் கடைசி எண்ணும் மற்ற ஆறின் மொத்தத்துக்கு இணையாகப் பயன்பட்டது. நானும் படிவத்தின் அடியில் அப்படி ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். கோபம் தணிந்தது. இன்னொரு ஃபைலும் வைத்திருக்கிறேன், நாங்கள் வேண்டாம் என்று அனுப்பியவர்களுடையது. அதை வைத்து என்ன செய்வது என்று இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிலரிடமாவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கலாம் என்று இருக்கிறேன்.

போன வாரம் இந்தப் பருவத்தின் விடைத்தாள்கள் வந்தன. கடைசிக் கேள்வி, அந்தக் கால் சென்டர் சம்பவம்: மேலாளர் செய்தது சரியா, ஆதாரத்தோடு எழுதுக, 10 மதிப்பெண். பெயர் மறைத்த தாள் ஒன்றில் ஒருவர் ஒரே பத்தியில் முடித்திருந்தார். 'இந்த மேலாளர் எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர ஒரு அழைப்பைக்கூடக் காதுகொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஊக்கத்தொகை தேவைப்பட்டது ஊழியர்களுக்கு அல்ல, பயிற்சி தேவைப்பட்டது மேலாளருக்கு.'

ஒரு அழைப்பைக்கூட நான் கேட்கவில்லைதான். பேனாவை வைத்துவிட்டு கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மதிப்பெண் தாளை எடுத்துச் சரிபார்த்து 8 போட்டேன். ஆய்வு எதையும் மேற்கோள் காட்டவில்லை, 2 குறைத்தேன்.